சேதாரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

சுற்றுவட்டாரத்தில் விளைந்ததையும் செய்ததையும் விற்கும் சிறு கடை பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பத்தொன்பது ஆண்டுகள் அப்படியொரு கடையை நடத்திவிட்டு, இப்போது மகளிடம் சாவியைக் கொடுத்துவிட்டவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரே பொருளில் வந்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, நான் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதங்கள் இருக்கின்றன. வீட்டின் முன்பகுதியைக் கடையாக்கி, பக்கத்துத் தோட்டங்களின் காய்கறி, பால், முட்டை, தேன், மாவு ஆகியவற்றை விற்கலாம் என்று இருக்கிறேன். "இப்போது எல்லாரும் இதைத்தான் தேடுகிறார்கள், கட்டாயம் ஓடும்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். முதல் செலவை எதில் செய்வது?

பதில்: நண்பர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் தேடுகிறவர்கள் எல்லாரும் வாங்குகிறவர்கள் அல்லர். வாங்குகிறவர்களிலும் வாரத்துக்கு மூன்று முறை வருகிறவர்கள்தான் கடையின் வாடகையைக் கொடுப்பவர்கள். அதனால் பெயர்ப்பலகைக்கும் மர அலமாரிக்கும் பணம் கொடுப்பதற்கு முன்னால், ஒரு மேசையும் நல்ல தராசும் கோடு போட்ட ஒரு நோட்டும் வாங்கி, வாரத்தில் இரண்டு நாள் மட்டும், காலையில் மூன்று மணி நேரம், இரண்டு மாதங்கள் விற்றுப் பாருங்கள். உங்களுக்கு எட்டு மாதங்கள் இருப்பது பெரிய வசதி. எனக்கு அது கிடைக்கவில்லை.

சரக்கைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆளை வரவழைக்கும் பொருள், காத்திருக்கத் தெரிந்த பொருள் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கீரை, பால், முட்டை, அன்றைய ரொட்டி ஆகியவை ஆளை வரவழைக்கும்; அவற்றில் லாபம் சொற்பம், சேதாரம் அதிகம். தேன், மாவு, தானியம், எண்ணெய், உலரவைத்தவை ஆகியவை அலமாரியில் மாதக்கணக்கில் பொறுமையாக நிற்கும். கீரைக்கு வந்தவர் கையோடு எடுத்துப்போவது இவற்றைத்தான். முதல் வகை இல்லாத கடைக்கு ஆள் வராது. இரண்டாம் வகை இல்லாத கடையில் வந்த ஆளால் பயன் இருக்காது. தொடக்கத்தில் பதினைந்து பொருள்களுக்கு மேல் வைக்காதீர்கள். அலமாரி காலியாகத் தெரிகிறதே என்று கூச்சப்பட்டு வாங்கி நிரப்பிய சரக்குதான் புதுக் கடைக்காரரின் மூலதனத்தை முதலில் விழுங்குகிறது.

அந்த நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு கட்டங்கள் போடுங்கள்: வந்தது, விற்றது, வீட்டுக்குப் போனது, எறிந்தது. கடைசி இரண்டு கட்டங்களையும் நிரப்ப மனம் வராது; நிரப்புங்கள். கணினியிலோ கைபேசியிலோ எழுதினாலும் சரிதான், ஆனால் விற்ற இடத்திலேயே, அன்றைக்கே எழுத வேண்டும்.

கேள்வி: அடக்க விலையின் மேல் நூற்றுக்கு 25 வைத்து விற்கிறேன். நாள் முழுவதும் கடையில் கூட்டம் இருக்கிறது. ஆனாலும் மாதக் கடைசியில் வாடகைக்கே கல்லாவைத் துழாவ வேண்டியிருக்கிறது. உதவிக்கு வைத்திருக்கும் பையன் மேல்கூடச் சந்தேகம் வந்துவிட்டது.

பதில்: பையனைச் சந்தேகிப்பதற்கு முன்னால் கடையின் பின்பக்கம் போய்க் குப்பைத் தொட்டியை ஒரு வாரம் எடை போடுங்கள்.

100க்கு வாங்கியதை 125க்கு விற்றால் லாபம் 25 என்பது வாங்கிய விலையின் மேல் போட்ட கணக்கு. கல்லாவுக்கு வருவதோ விற்ற விலை. 125இல் 25 என்பது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 20தான். வாடகை, மின்சாரம், பை, கூலி எல்லாவற்றையும் விற்பனைப் பணத்திலிருந்து கொடுத்துக்கொண்டு, மனத்துக்குள் மட்டும் 25 என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு.

இரண்டாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 100 கட்டுக் கீரையை, கட்டு ஒன்றுக்கு 1 வீதம், 100க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டை 1.25க்கு விற்கிறீர்கள். அத்தனையும் விற்றால் 125. பத்தில் ஒரு பங்கு வாடிப்போனால் 90 கட்டுகள் விற்று 112.50 வரும், லாபம் 12.50. எறிந்தது பத்தில் ஒன்றுதான், ஆனால் போனது லாபத்தில் சரிபாதி. ஐந்தில் ஒரு பங்கு வாடிப்போனால் 80 கட்டுகளுக்கு வருவது சரியாக 100. நாள் முழுவதும் நின்று, கட்டி, எடுத்துக் கொடுத்து, வாங்கிய காசையே திரும்ப எடுத்திருக்கிறீர்கள். கூட்டம் இருந்தது என்பது உண்மை; லாபம் இல்லை என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதை நம்ப எனக்கே இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

ஆகவே எல்லாப் பொருளுக்கும் ஒரே வீதம் போடாதீர்கள். நோட்டைப் பார்த்து, பத்தில் ஒன்று போகும் பொருள் என்று தெரிந்தால், எஞ்சும் 90 பங்கிலிருந்து அந்த 125ஐ எடுப்பதற்கு விலை ஏறத்தாழ 1.39 இருக்க வேண்டும். சேதாரமே இல்லாத மாவுக்கும் தேனுக்கும் குறைந்த வீதம் போதும். அவற்றில் விலையை ஏற்றிவைத்தால் அடுத்த கடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மிக எளிது என்பதால் ஆள் கழன்றுவிடுவார். கீரையின் விலையை ஒப்பிடுகிறவர்கள் குறைவு. அதன் பசுமையைத்தான் ஒப்பிடுவார்கள்.

மாலையில் விலையைக் குறைத்துத் தள்ளிவிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். எறிவதைவிட எந்த விலையும் மேல்தான். ஆனால் தினமும் ஆறு மணிக்குக் குறையும் என்று தெரிந்துவிட்டால், ஐந்து மணிக்கு வந்துகொண்டிருந்தவர்களும் ஆறு மணிக்கு வரத் தொடங்குவார்கள். நான் விலையைத் தொடுவதில்லை. மிஞ்சியவற்றை நறுக்கிச் சமைக்கத் தோதாகக் கலந்து, "நாளைக்குள் சமைக்க வேண்டியது" என்று சீட்டு எழுதி, ஒரே பொட்டலமாக வைத்துவிடுவேன். சில நாள் அதுவே முதலில் தீர்ந்துபோகும்.

இவற்றுக்கெல்லாம் பிறகு இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் சம்பளத்தைச் செலவுக் கணக்கில் எழுதுகிறீர்களா? எழுதாத கடை லாபத்தில் ஓடுவதாகத்தான் தெரியும்.

கேள்வி: வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில்தான் கீரை வைக்கிறேன். தண்ணீரும் தெளிக்கிறேன். ஆனாலும் மறுநாள் வெளி இலைகள் மஞ்சளாகிவிடுகின்றன. பழைய கீரையைக் கொடுத்துவிடுகிறார்களோ?

பதில்: இதே பழியை ஒருவர் மேல் போட்டவள் நான். கடை தொடங்கிய இரண்டாவது ஆண்டு அது. மேல்தட்டில் நன்றாகப் பழுத்த வாழைப்பழச் சீப்புகளை அழகாக அடுக்கி, அதன் கீழ்த்தட்டில் ஈரத்துணி விரித்துக் கீரைக் கட்டுகளை வைத்திருந்தேன். மூன்று நாள் தொடர்ந்து கட்டின் வெளிச்சுற்று மஞ்சளித்துப்போக, கொண்டுவந்த தோட்டக்காரரிடம் முந்தைய நாள் பறித்ததை ஏன் தருகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் மறுபேச்சு பேசவில்லை. மறுநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அலமாரியையே கொஞ்ச நேரம் பார்த்தவர், சீப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எதிர்ச்சுவர் ஓரமாக வைத்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் கீரை மஞ்சளாகவில்லை.

பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. ஆப்பிள், வாழை, மா போன்றவை தாராளமாகவும், பழுத்த தக்காளி ஓரளவுக்கும் விடும். பச்சை இலைகளும் வெள்ளரியும் அந்த வாயு பட்டால் பசுமையிழந்து மஞ்சளாகும், கேரட் கசக்கும். மூக்குக்கு எட்டாத அளவிலேயே அது வேலை செய்துவிடும் என்பதால், காரணம் கண்ணுக்குத் தெரியாமல், கொண்டுவந்தவர் மேல் பழி விழுகிறது. பழத்துக்கும் இலைக்கும் இடையே இடைவெளி விடுங்கள். ஒரே குளிர்பெட்டிக்குள் இரண்டையும் வைக்காதீர்கள்.

அடுத்தது வெப்பம். பறித்த பிறகும் காய்கறி மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு மூன்று மடங்காகிறது, ஆயுள் அதே கணக்கில் குறைகிறது. வெயில் ஏறுமுன் பறித்து, நிழலில் கொண்டுவந்து, உடனே குளிர்ச்சியில் வைத்த கீரைக்கும், பத்து மணிக்குப் பறித்து வண்டியில் மூடாமல் வந்த கீரைக்கும் ஒரு நாள் வித்தியாசம் கடையில் தெரியும். நேரத்தைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் குளிர்பெட்டியில் திணிப்பதும் கூடாது. தக்காளி 12 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் மணம் போய்விடும்; வெள்ளரி குழிவிழுந்து நீர் கோக்கும்; வாழைத்தோல் கறுக்கும். உருளைக்கிழங்குக்கு இருட்டும் மிதமான குளிர்ச்சியும் வேண்டும். வெளிச்சத்தில் பச்சைநிறம் கண்டால் சொலனின் என்ற நச்சுப்பொருளும் கூடியிருக்கும், அதை விற்காதீர்கள். முட்டையைக் கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலம் போய்விடுவதால், கழுவிய முட்டையைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: தோட்டக்காரரிடம் 10 கிலோ கேட்டால் 40 கிலோ கொண்டுவந்து இறக்கிவிட்டு, "விற்ற பிறகு கொடுங்கள்" என்கிறார். பல வருடப் பழக்கம்; முகத்துக்கு நேரே மறுக்க முடியவில்லை. விற்காமல் போனால் அவருக்கும் மனத்தாங்கல், எனக்கும் மனத்தாங்கல்.

பதில்: "விற்ற பிறகு பணம்" என்பது கடைக்காரருக்குச் சலுகை போலத் தோன்றும். ஆனால் அந்த முறையில் சேதாரம் யாருடையது என்று நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அதைப் பேசாமல் விட்டதுதான் மனத்தாங்கலாக வருகிறது. கெடாத பொருளுக்கு இந்த முறை சரி: ஐம்பது புட்டித் தேனை வைத்துவிட்டுப் போகலாம், மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து விற்றதற்குப் பணம் வாங்கிக்கொள்ளலாம். வாடிப்போகும் பொருளுக்கு இது ஆகாது. கடைக்காரர் கைக்காசு போட்டு வாங்காத கீரையை அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பது, வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கே தெரியும்.

வாடும் சரக்கை அளவு பேசி, விலை பேசி, விலைக்கே வாங்கிவிடுங்கள். அதற்கு ஒரு நாள் முன்னதாகவே எவ்வளவு வேண்டும் என்று சொல்லியனுப்ப வேண்டும். சொன்ன அளவை நீங்களும் மறுநாள் குறைக்கக் கூடாது. பணத்தை வாரத்தில் ஒரே கிழமையில், கேட்காமலே, முழுதாகக் கொடுங்கள். குறித்த நாளில் பணம் வரும் இடத்துக்குத்தான் தோட்டக்காரர் தம் நல்ல சரக்கை முதலில் எடுத்துவைப்பார். விலையில் இரண்டு காசு கூடக் கொடுப்பதைவிட இது பலிக்கும்.

ஜப்பானில் இதைப் பல பத்தாண்டுகளாகவே ஓர் ஒழுங்காகச் செய்து வருகிறார்கள். 1971இல் தொடங்கப்பட்ட ஜப்பானிய இயற்கை வேளாண்மைச் சங்கம், விளைவிப்பவரும் உண்பவரும் நேராகக் கைகோக்கும் 'தேய்கேய்' என்ற முறைக்கு 1978இல் பத்து நெறிகளை வகுத்தது. அவற்றில் ஒன்று, இரு தரப்பும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்தபடி விளைவிக்க வேண்டும் என்பது. அடுத்தது, விளைந்து வந்தது முழுவதையும் வாங்குபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு தரப்பு நசுங்கும். உங்கள் தோட்டக்காரர் இரண்டாம் நெறியை மட்டும் கடைப்பிடிக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதைப்புக்கு முன்னால் அவரோடு உட்கார்ந்து முதல் நெறியைப் பேசிவிடுங்கள். எந்த மாதத்தில் எவ்வளவு விற்கிறது என்பதற்கு உங்கள் நோட்டின் பக்கத்தை அவரிடமே காட்டலாம். மறைக்க அதில் ஒன்றும் இல்லை. அவருக்கும் அது தெரியாத செய்தியாக இருக்கும்.

கேள்வி: பருவம் இல்லாத இரண்டு மாதங்களில் மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி எடுத்து வந்து விற்கிறேன். வாசலில் "உள்ளூர் விளைபொருள்" என்ற பலகை அப்படியே இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் கேட்டுவிட்டார். பலகையைக் கழற்ற வேண்டுமா? உள்ளூர் என்பதற்கு எத்தனை கிலோமீட்டர் எல்லை?

பதில்: எல்லாரும் ஒப்புக்கொண்ட எல்லை எதுவும் கிடையாது. 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் 100 மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டருக்குள் விளைந்ததை மட்டுமே ஒரு மாதம் உண்பது என்று சிலர் உறுதி எடுத்துக்கொண்டு, தங்களுக்கு 'லோக்கவோர்' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லை 2007ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்ஃபோர்டின் அமெரிக்க அகராதி தேர்ந்தெடுத்தது. அதற்கு அடுத்த ஆண்டே அதே நாட்டின் வேளாண் சட்டம், தன் கடன் திட்டம் ஒன்றுக்காக, 400 மைலுக்குள்ளோ ஒரே மாநிலத்துக்குள்ளோ விளைந்து விற்பதை உள்ளூர் அல்லது வட்டாரப் பொருள் என்று வகுத்தது. ஒரே நாட்டில், மூன்றே ஆண்டுகளில், எல்லை நான்கு மடங்கு நீண்டுவிட்டது.

அதனால் அந்தச் சொல்லுக்கு உங்கள் கடை என்ன பொருள் வைத்திருக்கிறது என்பதை நீங்களேதான் எழுதிவைக்க வேண்டும். பலகையைக் கழற்ற வேண்டாம். ஆனால் அது கடைக்குப் பொதுவாகத் தொங்குவதுதான் சிக்கல். ஒவ்வொரு கூடையிலும் ஒரு சீட்டுச் செருகுங்கள்: எங்கே விளைந்தது, எத்தனை கிலோமீட்டர், என்றைக்குப் பறித்தது. சந்தைச் சரக்கு என்றால் "மொத்தச் சந்தையிலிருந்து வந்தது" என்றே எழுதுங்கள். எழுதினால் விற்காது என்று பயப்படுவீர்கள். விற்கும், வீட்டில் சமையல் நடந்துதானே ஆக வேண்டும்? எழுதாமல் விட்டு, சந்தையின் முத்திரை குத்திய சாக்கு ஒன்று பின்வாசலில் கிடப்பதை ஒருவர் பார்த்துவிட்டால், அதன்பிறகு உண்மையான தோட்டத்துக் கீரையையும் அவர் நம்ப மாட்டார். பெரிய கடைகளிடம் இல்லாத ஒரே சரக்கு உங்களிடம் இருப்பது இந்த நம்பிக்கைதான், அதற்குக் கொள்முதல் விலையும் இல்லை.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த மாவில் பக்கத்துத் தெருவில் சுட்ட ரொட்டி உள்ளூர்தானா? "இங்கே விளைந்தது", "இங்கே செய்தது" என்று இரு வண்ணச் சீட்டுகள் வைத்துக்கொண்டால் யாரும் யாரையும் ஏமாற்றியதாக ஆகாது.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மா பூண்டை எண்ணெயில் ஊறவைத்துப் புட்டியில் அடைத்துத் தருகிறார். இன்னொருவர் காய்ச்சாத பால் தருகிறார். இரண்டுமே சுவையானவை, கேட்டு வாங்குகிறார்கள். விற்பதில் தவறு உண்டா?

பதில்: பூண்டுப் புட்டியை இன்றைக்கே அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். மண்ணில் விளையும் பூண்டில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கலாம்; பூண்டில் புளிப்பு குறைவு, எண்ணெய்க்குள் காற்று இல்லை; அந்த வித்து முளைத்து நஞ்சு கக்குவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. நிறமோ மணமோ சுவையோ மாறாமலே அந்த நஞ்சு இருக்கக்கூடும். அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் எண் (எண் ஏற ஏறப் புளிப்பு குறைவு) 4.6க்கு மேலே உள்ள, காற்றுப்புகாமல் அடைத்துக் குளிர்பெட்டிக்கு வெளியில் வைக்கப்படும் உணவு எதுவானாலும் இந்த ஆபத்து உண்டு. கொதிநீரில் 100 டிகிரியில் வேகவைத்தால் வித்துகள் சாவதில்லை; அழுத்தக் கலத்தில் 121 டிகிரி வேண்டும், அது வீட்டு அடுப்பில் கண்மதிப்பாகச் செய்கிற வேலை அல்ல. அந்த அம்மாவின் கைப்பக்குவத்தை விட மனம் வராவிட்டால், நன்றாக உலரவைத்தவை, சர்க்கரை மிகுந்த பழப்பாகு, புளிக்காடியில் ஊறியவை போன்றவற்றைச் செய்துதரச் சொல்லுங்கள். புளிக்காடியில் போட்டவற்றின் பிஎச் எண்ணை அளந்து குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

பாலை 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிரவைப்பதுதான் பாஸ்டர் முறை. காய்ச்சாத பாலை விற்கலாமா என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பாலானாலும், கெடக்கூடிய எந்த உணவானாலும், 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்பதும், 5க்கும் 60க்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமிகள் பெருகும் எல்லை என்பதும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிவரும் அளவுகள். குளிர்பெட்டியின் கதவில் மின்னும் எண்ணை நம்பாமல், தனியாக ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே வையுங்கள். காலையிலும் மாலையிலும் அதைப் பார்த்து எழுதுவதற்கும் நோட்டில் இடம் விடுங்கள்.

அடைத்து விற்கும் ஒவ்வொன்றிலும் பெயர், சேர்ந்துள்ள பொருள்கள், நிகர எடை, செய்தவர் முகவரி, தயாரித்த தொகுதி எண், நாள் ஆகியவை இருக்க வேண்டும். உணவுக்கு உலகப் பொது அளவுகளை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையத்தின் 1985ஆம் ஆண்டுப் பொது விதியும் இவற்றைத்தான் கேட்கிறது. பெரும்பாலான நாடுகளின் சட்டம் அதையொட்டியே இருக்கும். கோதுமை போன்ற பசையம் உள்ள தானியம், பால், முட்டை, மீன், நிலக்கடலை, எள் போன்ற ஒவ்வாமை தரும் பொருள்கள் துளியளவு சேர்ந்திருந்தாலும் சீட்டில் தெரிய வேண்டும். தொகுதி எண் எதற்கு என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். ஒரு புட்டி கெட்டிருந்தது என்று தகவல் வந்தால், அதே நாளில் செய்த மற்ற பதினொரு புட்டிகள் யார் வீட்டில் இருக்கின்றன என்று தேட வேண்டியிருக்கும் அன்றைக்கு அது புரியும்.

கேள்வி: தேன் உறைந்து சர்க்கரை போலாகிவிட்டது என்று ஒரு வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். கலப்படம் என்கிறார். தண்ணீரில் விட்டுச் சோதித்தும் காட்டினார்.

பதில்: பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், விளக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். குளூக்கோஸ் மிகுந்த தேன் உறைவது இயல்பு. எந்தப் பூவின் தேன் என்பதைப் பொறுத்துச் சில வாரங்களிலோ பல மாதங்களிலோ உறையும். வெதுவெதுப்பான நீரில் புட்டியை நிறுத்திவைத்தால் இளகிவிடும். நேரடியாக அடுப்பில் காட்டக் கூடாது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது ஆகிய சோதனைகளால் கலப்படம் தெரியாது. அவை தேன் எவ்வளவு கெட்டி என்பதைத்தான் காட்டும். ஈரப்பதம் நூற்றுக்கு 20க்கு மேல் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் அளவு. அதை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. தேன் கொண்டுவருபவரிடம் வாங்கிவைக்கச் சொல்லுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதைப் புட்டியில் எழுதிவையுங்கள். மேலே சொன்ன அதே வித்துகள்தான் காரணம்.

கேள்வி: "தொலைவிலிருந்து வராததால் சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று கடையில் எழுதிவைக்கலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2008இல் போட்ட கணக்கின்படி, அந்த நாட்டு உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு நூற்றுக்கு 11தான். விளைவித்த இடத்திலிருந்து கடைவரை கொண்டுவருவதன் பங்கு 4. பெரும்பகுதி விளைவிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. பக்கத்திலேயே, ஆனால் பருவமில்லாத காலத்தில் சூடேற்றிய கூடத்துக்குள் வளர்த்த காய், தொலைவில் வெயிலில் விளைந்து வந்த காயைவிட அதிகச் சுமை ஏற்றக்கூடும். புதிது, பறித்த நேரம் தெரியும், விளைவித்தவரைக் கேட்கலாம், பணம் பக்கத்திலேயே சுற்றுகிறது: இவற்றை எழுதுங்கள், ஒவ்வொன்றையும் உங்களால் நிரூபிக்க முடியும்.

கேள்வி: கடன் கொடுக்கலாமா?

பதில்: தோட்டக்காரருக்கு வாரம் ஒரு நாள் பணம் கொடுப்பவர், வாடிக்கையாளருக்கு மாதக் கடன் கொடுத்தால் இடையில் உள்ள மூன்று வாரத்தைத் தம் கைக்காசால் தாங்க வேண்டும். அந்தக் கைக்காசு உங்களிடம் இருக்கும் அளவுக்கு மட்டும் கொடுக்கலாம். நான் கெடாத பொருளுக்குக் கடன் எழுதியதே இல்லை. கீரைக்கும் பாலுக்கும் சில வீடுகளுக்கு எழுதியிருக்கிறேன், அதுவும் தொகை சிறியதாக இருக்கும் என்பதால்தான்.

கேள்வி: பார்கோடு, கணினி பில் எல்லாம் கட்டாயமா?

பதில்: இருபது பொருள் விற்கும் கடைக்குக் கட்டாயமில்லை. மற்ற கடைகளுக்கும் சரக்குக் கொடுக்கத் தொடங்கினால் அவர்கள் கேட்பார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம். தராசை ஆண்டுதோறும் முத்திரையிட்டு வாங்குவதும், பாத்திர எடையைக் கழித்துக் காட்டுவதும்தான் முக்கியம். நீர் சொட்டும் கீரையை உதறாமல் தராசில் வைக்காதீர்கள். வாங்குபவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் பார்த்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: வாரத்தில் ஒரு நாள் கடையை மூட ஆசை. மூடினால் ஆள் போய்விடுவார்களா?

பதில்: போக மாட்டார்கள், எந்த நாள் என்று மாற்றாமல் இருந்தால். எந்த நாள் என்பதை ஆசையை வைத்து முடிவு செய்யாமல் நோட்டை வைத்து முடிவு செய்யுங்கள்: "விற்றது" கட்டம் மிகக் குறைவாகவும் மறுநாள் "எறிந்தது" கட்டம் மிக அதிகமாகவும் இருக்கும் கிழமை எதுவோ, அதற்கு முந்தைய நாள் வாடும் சரக்கு வாங்காதீர்கள், அந்தக் கிழமையில் மூடிவிடுங்கள். எங்கள் கடைக்கு அது செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. பால் கொண்டுவருகிறவரிடம் மட்டும் மறக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பசுவுக்குச் செவ்வாய் விடுமுறை கிடையாது, அந்த ஒரு நாள் பாலை அவர் எங்கே கொடுப்பது என்று அவருக்கும் ஏற்பாடு வேண்டும்.